ஸ்பேனரின் சோக் வைத்தியம்

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஒரு சின்ன ஸ்பேனர் வைத்திருப்பார். அதனால் தெருவில் அவருக்கு ஸ்பேனர் என்றே பெயராகிவிட்டது. சின்னவர்கள் ஸ்பேனர் அண்ணன் என்பார்கள், பெரியவர்கள் வெறும் ஸ்பேனர் என்பார்கள். சட்டையைத் துவைக்கப் போடும்போது அவர் மனைவி முதலில் பையைத் தடவிப் பார்த்து அதை எடுத்து வெளியே வைப்பாள். ஒருமுறை மறந்துபோய் வாளியில் ஊறவைத்துவிட்டாள். அன்று முழுக்க அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பற்றிக் கேட்கவேயில்லை.

இப்படிப்பட்டவர் ஏதோ பட்டறையில் வேலை பார்ப்பார் என்று நினைத்தால் தவறு. அவர் லிஃப்ட் ஓட்டுகிறவர். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஏறுகிறவர் சொல்லும் மாடிக்குப் பொத்தானை அழுத்துவார். ஏறுகிறவரே அழுத்திக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் அவருக்கு என்ன வேலை? அந்தப் பொத்தான் பலகை நான்கு திருகுகளில் நிற்கிறது. அதற்குப் பின்னால்தான் ஒயர்களும் சூட்சுமங்களும் எல்லாம் இருக்கின்றன. அதைத் தொடக் கூடாது என்று பலகையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மேலே இருக்கும் மெஷின் அறையின் சாவியோ லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்கிடம். இத்தனை வருடமாக அவர் அந்த நான்கு திருகுகளைப் பார்த்த பார்வைக்கு அவை தாமாகவே கழன்று விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அதனால் அவர் மாலையில் வீட்டுக்கு வந்ததும், ஓடிப்போகத் தெரியாத எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்.

மின்விசிறியைப் பிரித்தார். பூட்டிய பிறகு அது ஒரே வேகத்தில்தான் சுற்றியது, அதுவும் உச்ச வேகம். கோடைக்காலத்தில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும் வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்தார். அதற்கப்புறம் உள்ளே போனவர் வெளியே வரவேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது திறந்துவிட வேண்டும். குளிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போவார்கள். இதையெல்லாம் குறை என்று யாராவது சொன்னால், முன்பு அது வேலையே செய்யவில்லையே, இப்போது கொஞ்சமாவது செய்கிறதே என்பார். அவர் கையில் எடுக்கும் முன் அது நன்றாகத்தான் இருந்தது என்பதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. அதன் சோக் நிற்காது. அந்தத் தெருவுக்கு ஒரு காலம் பொழுதுபோனது அதனால்தான்.

காலையில் குளிர்ந்து கிடக்கும் என்ஜினுக்குப் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்து எழுப்புவதற்குத்தான் சோக். டேங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு கருப்புக் குமிழ் இருக்கும். அதை இழுத்தால், உள்ளே ஓடும் கேபிள் கார்புரேட்டரில் வழியைத் திறந்துவிடும். என்ஜின் சூடாகும்வரை இழுத்த குமிழ் இழுத்த இடத்தில் நிற்க வேண்டும். சூடானதும் நாம் அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். இவர் வண்டியிலோ, கையை எடுத்ததும் குமிழ் விருந்தாளியைக் கண்ட கஞ்சன் மாதிரி மெல்ல உள்ளே போய்விடும். என்ஜின் இரண்டு முறை இருமி அணைந்துவிடும்.

முதலில் துணிக்குப் போடும் கிளிப்பைக் குமிழின் கழுத்தில் மாட்டினார். அது கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது தெறித்து அவர் டம்ளருக்குள் போய் விழுந்தது. தையல்காரர் கிளிப்பை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். காபியைப் பற்றி இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தார், தீக்குச்சியை இடுக்கில் செருகிப் பார்த்தார். கடைசியில் மனைவியையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு, புருஷனின் இடுப்பைச் சுற்றி இடது கையை நீட்டி, குனிந்து, அந்தக் குமிழை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்திருப்பாள். கடைத்தெரு தாண்டும்வரை விடக் கூடாது. தெரியாதவர்கள் பார்த்தால், இந்த வயதில் இப்படி ஒரு பாசமா என்று வியப்பார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் அவர்களைக் காட்டித் தன் கணவனிடம், பாருங்க, கத்துக்குங்க என்றே சொல்லியிருக்கிறாள். பின்சீட்டில் இருப்பவளுக்குக் கை மரத்துப்போய் வலிப்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஸ்பேனரின் மனைவி தினமும் காலையில் அவசரமாக எங்கே போனாள் என்று சொல்ல வேண்டும். ஊர் எல்லையில் இருக்கும் பிரெட் கம்பெனியில், பொட்டலம் கட்டும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழி பார்த்துப் போனபின், வீட்டில் உட்கார்ந்து மின்விசிறிக்குப் பயந்துகொண்டிருப்பதைவிட வேலைக்குப் போகலாம் என்று அவளாகவே தேடிக்கொண்ட வேலை. இன்னும் பழகுநர் காலம் முடியவில்லை. முடிந்ததும் வேலை நிரந்தரமாகும், ஒரு நிபந்தனையுடன். காலையில் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்துவார்கள். சாத்தியபின் வந்தவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பியவர்களின் பெயர் சூப்பர்வைசரம்மாவின் மனதில் அழியாமல் நிற்கும் என்பார்கள்.

கம்பெனி வேன் இருக்கிறது. அது இவர்கள் தெருமுனை வழியாகத்தான் போகிறது. அதை ஓட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. அதுதான் சிக்கல். மச்சான் ஒருமுறை உறவினர் எல்லாரும் இருந்த கூட்டத்தில், மாமா கை பட்டால் ஓடுகிற கடிகாரமும் ஓய்வெடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்துவிட்டாள், பிறகுதான் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வேனின் நிழல்கூடத் தன் குடும்பத்தின் மேல் விழக் கூடாது என்று முடிவு செய்தார். தன் பெண்டாட்டியைக் கொண்டுபோய் விடத் தனக்குத் தெரியும் என்றார். அந்த வீறாப்புக்கு அவள் இரண்டு விரல்கள்தான் பாடுபட்டன.

மச்சானும் சும்மா இருக்கவில்லை. வேனைத் தெருமுனையில் நிறுத்தும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, "மாமா, கேபிளை ஒரு கடையில குடுத்துப் பாருங்களேன். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவான்," என்பான். அக்கறையாகத்தான் சொல்லுவான். ஆனால் அவன் உதட்டோரம் துடிக்கும். ஸ்பேனருக்கு அந்த உதட்டோரம் மட்டும்தான் தெரியும்.

கடைக்குப் போவதா? அதற்குப் பதிலாக அவர் தையல்காரரிடம் போய் மெஷின் எண்ணெய் பாட்டிலைக் கேட்டு வாங்கி வந்தார். எது பழுதானாலும் எண்ணெய் விட வேண்டும் என்பது அவர் கொள்கை. கேபிளின் வாயில் ஊற்றினார். குமிழின் தண்டில் தடவினார். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, எண்ணெய் கீழே சொட்டும்வரை ஊறவிட்டார். எண்ணெய்க்கு முன்னால் அந்தக் குமிழ் யோசித்து யோசித்து உள்ளே போகும். எண்ணெய்க்குப் பிறகு அது யோசிக்கவே இல்லை. சரி, எண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாளும் ஊற்றினார்.

அந்த வழுவழுப்பில்தான் ஒருநாள் காலை அவள் விரலிலிருந்து குமிழ் நழுவி வண்டி நடுத்தெருவில் நின்றது. மறுபடி உதைத்து, மறுபடி நழுவி, மறுபடி உதைத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. காவலாளி அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சூப்பர்வைசரம்மா உள்ளேயிருந்து வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். அவள் சொல்லவில்லை. திரும்பி வரும்போது சோக் பிடிக்கத் தேவையில்லை, என்ஜின் சூடாக இருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு அவர் வேலைக்குப் போனார். அன்று லிஃப்டுக்கும் நேரம் சரியில்லை. ஒவ்வொரு மாடியிலும் சரியாக நிற்காமல் ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. ஏறுகிறவர்கள் குழிக்குள் இறங்குவது போல இறங்கினார்கள், இறங்குகிறவர்கள் படியேறுவது போல ஏறினார்கள். கோப்புக் கட்டோடு வந்த ஒரு அதிகாரி தடுக்கி விழுந்தபின் கம்பெனிக்குப் போன் போட்டார்கள்.

மெக்கானிக் வந்தான். இவரைவிட மிகவும் இளையவன், சீருடையில் மடிப்புக் கலையாதவன். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றான். அப்படித்தான் ஸ்பேனர் தன் வாழ்நாளில் முதன்முறையாக மெஷின் அறைக்குள் போனார். கோயிலுக்குள் போவது போலச் செருப்பைக்கூட வெளியே கழற்றப் பார்த்தார். மெக்கானிக்தான், ஷாக் அடிக்கும், போட்டுக்கொண்டு வாருங்கள் என்றான்.

பிரேக் இருக்கும் உருளையின் மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்த மெக்கானிக், விரலை முகர்ந்தான். பிறகு திரும்பி இவர் சட்டைப் பையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இதுல எண்ணெய் விட்டீங்களா?"

"சாவி உங்ககிட்டதானே தம்பி இருக்கு."

"அதான் கேக்குறேன். எப்படி விட்டீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எதையும் தொடாமல் குற்றவாளியாக நின்றார். நல்லவேளை, பக்கத்தில் இருந்த பல்சக்கரப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து உருளையில் வழிந்திருப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. மெக்கானிக் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே, தனக்குத்தானே சலித்துக்கொண்டான்.

"ஓடுற எடத்துக்கு எண்ணெய் வேணும். நிக்கிற எடத்துல எண்ணெய் இருந்தா எப்படி நிக்கும்?"

டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது. ஏன் ஆட்டுகிறீர்கள், நேராகப் பிடியுங்கள் என்று மெக்கானிக் அதட்டினான். ஸ்பேனருக்கு அது காதில் விழவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் அந்த உருளை இல்லை. ஒரு கருப்புக் குமிழ்தான் இருந்தது, எண்ணெய் சொட்டச் சொட்ட.

அவர் நன்றி சொன்னார் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. அன்று மத்தியானம் லிஃப்டில் ஏறியவர்களிடம், பிரேக்கில் எண்ணெய் இருந்தது, நான்தான் வெளிச்சம் காட்டிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்று சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னதை இப்போதுதான் சொன்னாள்.

"இன்னொரு தடவை கேட்டைச் சாத்துனப்புறம் போனா எனக்கு அங்க வேலை இல்லை. அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு சொல்லிட்டாங்க. நாளையிலேர்ந்து நான் தம்பி வேன்ல போறேன்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாரு. சோக்கு நிக்கும்."

"நிக்காட்டி?"

"நிக்கும்னு சொல்றேன்ல."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது வழக்கமான வெறும் நம்பிக்கை இல்லை, நிஜமாகவே ஏதோ தெரிந்த களை. அதுதான் அவளை ஏமாற்றியது. சரி, நாளைக்கு ஒரு நாள் என்றாள்.

அவர் வாசலில் உட்கார்ந்து குமிழைக் கழற்றினார். பெட்ரோலில் துணியை நனைத்துத் தண்டைத் துடைத்தார், கேபிளின் வாயைத் துடைத்தார், எண்ணெய்ப் பசை கையில் ஒட்டாத அளவுக்குத் துடைத்தார். குமிழுக்குப் பின்னால் கோடு கோடாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்தது. அதை இத்தனை நாளும் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். திருகிப் பார்த்தார். திருகத் திருக அது தண்டை இறுக்கிப் பிடித்தது. சோக் நிற்பதும் நிற்காததும் அந்த வளையத்தின் கையில்தான் இருந்திருக்கிறது. விரலால் திருகினாலே போதும், எந்தக் கருவியும் வேண்டாம். அதுதான் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். இருந்தாலும் மரியாதைக்கு ஸ்பேனரால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

குமிழை இழுத்தார். கையை எடுத்தார். நின்றது.

மனைவியைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் இழுத்தாள், விட்டாள், குனிந்து பார்த்தாள். நிக்குது என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ராத்திரிச் சாப்பாட்டையே முடித்துவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரரையும் கூப்பிட்டு இழுக்க வைத்தார். அவர் இழுத்துப் பார்த்துவிட்டு, நல்லா நிக்குது, அப்போ என் எண்ணெய் பாட்டில் என்று கேட்டார். பாட்டில் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒரே உதையில் வண்டி கிளம்பியது. குமிழ் இழுத்த இடத்தில் சிப்பாய் மாதிரி நின்றது. அவள் முதல்முறையாகப் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தவித்து, மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரர் வாசலில் நின்று பார்த்தார். அவரைத் தாண்டும்போது ஸ்பேனர் இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் காட்டப் போனார். அவள் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

கடைத்தெரு தாண்டியது. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஓடுகிற இடத்துக்குத்தான் எண்ணெய், நிற்கிற இடத்துக்கு எண்ணெய் கூடாது, இந்தச் சின்ன விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். நேற்று மத்தியானத்திலிருந்துதான் தனக்கே தெரியும் என்பதை மறந்துவிட்டார்.

இன்னொன்றையும் மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் வண்டியில் சோக் எத்தனையோ மாதமாகத் தானாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட வேண்டும் என்ற பழக்கமே அவர் கைக்கு விட்டுப்போயிருந்தது. அவளுக்கும் விரலை எடுத்தால் அது உள்ளே போய்விடும் என்றுதான் தெரியும். இன்று அது எங்கேயும் போகவில்லை. என்ஜின் சூடாகிவிட்டது, குளிர்ந்த என்ஜினுக்குத் தருகிற பெட்ரோல் மட்டும் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. அள்ளி அள்ளி ஊட்டினால் பிள்ளைக்கு விக்காதா? வண்டிக்கு விக்க ஆரம்பித்தது.

பெட்ரோல் வாடை வருகிறதே என்று அவள் கேட்டாள். நேற்றுத் துடைத்த வாடை, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் இருமிக்கொண்டே கையைக் காட்டி ஏதோ சொன்னார். வாழ்த்துகிறார் என்று நினைத்து இவர் தலையை ஆட்டினார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி முக்கி, முனகி, கருப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டு நின்றது.

உதைத்தார். மறுபடி உதைத்தார். என்ஜின் நனைந்த கோணி மாதிரி தொப்தொப் என்றது. என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அது பிளக்கின் தலையில் கால்பங்கைக்கூடக் கவ்வவில்லை. இத்தனை வருடம் நெஞ்சோடு வைத்துச் சுமந்தது, வேண்டிய நேரத்தில் அளவு பத்தவில்லை. டூல் பையைத் தேடத் தொடங்கினார்.

அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த கம்பெனிப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். குனிந்தாள்.

"என்னங்க, இது இன்னும் வெளியவே நிக்குதே. உள்ள தள்ள வேணாமா?"

அவர் குமிழைப் பார்த்தார். குமிழும் அசையாமல் அவரைப் பார்த்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இங்கே கூடமும் கோணல் இல்லை. டூல் பையின் வாரை அவிழ்ப்பதில் மும்முரமானார்.

வேன் வந்து பக்கத்தில் நின்றது. உள்ளே பெண்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். மச்சான் கண்ணாடியை இறக்கி, அக்கா ஏறு என்று மட்டும் சொன்னான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். திட்டவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக, மறக்காம சாப்பிடுங்க என்றாள். அது வழக்கமாக அவள் கம்பெனி வாசலில் சொல்வது.

அவர் டூல் பையில் கிடைத்த குறடால் ஒருவழியாகப் பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்து, பெட்ரோலில் ஊறி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதியது. பாலத்துச் சுவர் மறைத்ததில் கேட் தெரியவில்லை. வேன் போய்ச் சேர்ந்ததா, நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை. சங்கு நின்றபிறகும் அவர் பிளக்கைத் துடைக்கவில்லை. கை அதுபாட்டுக்கு இருந்தது. கையைச் சும்மா வைத்துக்கொண்டு அவர் அவ்வளவு நேரம் நின்றதை யாரும் பார்த்ததில்லை.

வேன் காலியாகத் திரும்பி வந்தது. மச்சான் நிறுத்திவிட்டு இறங்கினான்.

"அக்கா உள்ள போயிட்டா மாமா. கேட்டை இழுத்துக்கிட்டே இருந்தாங்க, பூந்துட்டா."

அவர் அவன் உதட்டோரத்தைப் பார்த்தார். அது துடிக்கவில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராத்திரியே சில பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தார். ஒன்றுக்கும் இடம் கிடைக்கவில்லை.

"சோக்கு நின்னுச்சு மச்சான்," என்றார்.

"தெரியுது மாமா. கடைத்தெருவிலேர்ந்து ரோடு பூரா புகை."

பிளக்கை வாங்கி, வேனில் கிடந்த பழைய துணியில் துடைத்து, ஊதி, காயவிட்டு, மச்சானே பூட்டினான். அதற்குச் சரியான அளவு ஸ்பேனர் வேனில் இருந்தது. குனிந்து, அந்தக் குமிழை ஒரு விரலால் உள்ளே தள்ளினான். உதைக்கச் சொன்னான். நாலைந்து உதைக்குப் பின் வண்டி எழுந்தது.

"நாளைக்குத் தெருமுனையில நிக்கச் சொல்றேன்," என்றார் ஸ்பேனர், ஹெல்மெட்டின் பட்டையைப் போட்டுக்கொண்டே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "யாரைன்னு கேக்காத."

மச்சான் கேட்கவில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். பின்சீட்டில் யாரும் இல்லாததால் வண்டி கொஞ்சம் வேகமாகவே போனது.